ஏழாம் எண் மண்வெட்டி

தாளில் முப்பத்தொரு பேர். மணலில் முப்பத்திரண்டு பேர்.

முஸபஹ் மூன்றாவது முறையும் எண்ணிப் பார்த்தார். ஷார்ஜா பாலைவனத்தில், பதாயர் மணற்குன்றுகளின் அடிவாரத்தில் பதினோரு வண்டிகள் வரிசையாக நின்றன. இன்று முதல்முறையாக மணலில் வண்டி ஓட்டப்போகிறவர்கள் சக்கரத்துக்குச் சக்கரம் குந்தி உட்கார்ந்து, மணலில் புதையாமலிருக்க டயர் காற்றைப் பாதியாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். புஸ்ஸென்ற சத்தம் நாலாபுறமும் கேட்டது. ஜனவரி மாதக் காலை வெயில் முகத்துக்கு இதமாக இருந்தும் முஸபஹின் முதுகு வியர்த்தது.

அதிகமாகத் தெரியும் அந்த ஒரு ஆள் யார்?

ஐம்பத்து மூன்று வயதான முஸபஹ், தைத் ஊரில் மின்சார அலுவலகத்தில் மீட்டர் சோதிப்பவர். மூத்த மகன் மத்தரின் பெயரை வைத்து எல்லோரும் அவரை பூ மத்தர், அதாவது மத்தரின் அப்பா, என்றுதான் கூப்பிடுவார்கள். குளிர்காலம் முழுக்க, புதியவர்களுக்கான பாலைவன ஓட்டத்தில் கடைசி வண்டி அவருடையது. முன்வண்டி வழி காட்டும், நடுவண்டி வேகத்தைப் பார்த்துக்கொள்ளும். சிக்குகிறவனை மீட்டு, விழுந்ததைப் பொறுக்கி, எல்லோரும் போன பிறகு போவது கடைசி வண்டியின் வேலை. புகழ் இல்லாத வேலை. பதினோரு வருடமாக அதை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அவர் தலை எண்ணுவது குழுவுக்குள் பெரிய கேலி. மற்ற குழுக்கள் வயர்லெஸ்ஸில் வண்டியைத்தான் எண்ணும்: ஒன்று, இரண்டு, மூன்று, முடிந்தது, கிளம்பு. இவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஜன்னல் ஜன்னலாகக் குனிந்து குழந்தை, கிழவி, தூங்குகிறவன் என்று ஒருவர் விடாமல் பெயர் கேட்பார். “ஆட்டுக்காரர் வந்துட்டார், வரிசையில நில்லுங்க” என்பார்கள். அந்த மணலில் வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் யாரோ தோண்டும் சத்தம் கேட்கிறது, பூ மத்தரைப் பிடித்திருக்கும் ஜின் அதுதான் என்று இளவட்டங்களிடையே ஒரு கதை உலவியது. அவர் மனைவியின் தாய் அதை நம்பி, ஓதிய தண்ணீர் கொடுத்து அனுப்பினார். முஸபஹ் அதை வண்டி ரேடியேட்டரில் ஊற்றினார். காய்ந்த மணல் சரியும்போது உறுமும், மணலுக்கும் மணலுக்குமான உராய்வு அது என்று அவருக்குத் தெரியும். ஜின் என்று சொல்லிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை அநியாயத்தை இந்த ஊர் அந்த ஒற்றைச் சொல்லுக்கு அடியில் புதைத்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

ஆனாலும் அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. தோண்டுகிற மனிதனின் பெயர் அவருக்குத் தெரியும் என்பதுதான் வித்தியாசம்.

மொதாலிப். வங்காளதேசத்துக்காரன், இருபத்தாறு வயது. தைத்துக்கு அருகே ஒரு பேரீச்சந்தோட்டத்தில் வேலை. பதினோரு வருடங்களுக்கு முன், பருவத்தின் கடைசி ஓட்டத்துக்கு, மே மாதத் தொடக்கத்தில், தோட்ட முதலாளி புது லேண்ட் குரூசருடன் வந்தார். வண்டி சிக்கினால் தோண்ட ஆள் வேண்டுமே என்று மொதாலிப்பைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். படிவத்தில் ஓட்டுநர் பெயரும் குடும்பத்தார் பெயரும் எழுத இடம் இருந்தது. தோண்டுகிறவனுக்கு இடம் இல்லை.

காலையில் சாமான் பங்கிட்டது முஸபஹ். மஞ்சள் வண்ணத்தில் ஏழு என்று எழுதிய மண்வெட்டியை மொதாலிப்பிடம் நீட்டியபோது அவர் ஒரு வார்த்தை சொன்னார்: “இது தொலைஞ்சா உன்கிட்டதான் கேப்பேன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மொதாலிப் சிரிக்கவில்லை. கேட்பவன் கையில் தன் விசா இருக்கும் ஊரில், இந்தச் சொல்லை எவன் விளையாட்டாக எடுத்துக்கொள்வான்?

நடுப்பகலில் இரண்டாவது முறையாக, வேறொரு குழியில் முதலாளியின் வண்டி அச்சு வரை புதைந்தது. மொதாலிப் கையாலேயே தோண்டினான், தள்ளினான், வண்டி துள்ளி ஏறியது. இளகிய மணலில் ஏறிய வண்டியை யாரும் நிறுத்த மாட்டார்கள், நிறுத்தினால் மறுபடி புதையும். குன்றைத் தாண்டி, இறுகிய தரை வரும்வரை ஓட்டிக்கொண்டே போக வேண்டும். தோண்டியவன் கடைசி வண்டியில் தொற்றிக்கொள்வான். அதுதான் வழக்கம். கடைசி வண்டியோ ஏறுவதற்கு வேகம் வேண்டும் என்று தொலைவுக்குப் பின்வாங்கி, குன்றின் தோளைச் சுற்றி ஏறியது. உச்சியிலிருந்து முஸபஹ் திரும்பிப் பார்த்தபோது குழி காலியாகக் கிடந்தது. முதலாளி ஏற்றிக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். முஸபஹின் வண்டியில்தான் இருப்பான் என்று முதலாளி நினைத்தார். இறுகிய தரையில் வயர்லெஸ்ஸில் பன்னிரண்டு வண்டியும் பதில் சொல்லின. எல்லாம் சரி என்றார்கள்.

மொதாலிப் முந்தைய குழியில் விட்டுவிட்ட ஏழாம் எண் மண்வெட்டியை எடுக்கப் போயிருந்தான்.

இரண்டாம் நாள்தான் முதலாளிக்கு அவன் நினைவு வந்தது. மூன்றாம் நாள், தன் தொழிலாளி ஓடிப்போனதாகப் புகார் கொடுத்தார். ஆறாம் நாள் ஒட்டகம் மேய்ப்பவர் ஒருவர் ஒரு காஃப் மரத்தடியில் அவனைக் கண்டார். அவன் டயர் தடத்தைப் பார்த்துத்தான் நடந்திருக்கிறான், தப்பு ஒன்றும் செய்யவில்லை. அது வேறொரு குழுவின் பழைய தடம், அவ்வளவுதான். மரத்தில் சாய்ந்து, மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

தைத் காவல் நிலையத்தில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள்: தோட்ட முதலாளி, குழுத் தலைவர் கல்ஃபான், முஸபஹ். அவனே வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, தனியே நடந்து போனதைப் பார்த்தோம் என்று தாள் சொன்னது. செத்த பிறகும் மொதாலிப் அரசாங்கக் கணக்கில் ஓடிப்போனவனாகவே இருந்தான். மண்வெட்டி குழுவின் சொத்து என்பதால் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டதற்கும் முஸபஹ்தான் கையெழுத்துப் போட்டார்.

உடலை வாங்க அவன் அண்ணன் ஷார்ஜாவிலிருந்து வந்திருந்தான். அழவில்லை, சத்தம் போடவில்லை. வாசலில் முஸபஹை நிறுத்தி, உடைந்த அரபியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“ஓடிப்போறவன் மண்வெட்டிய ஏன் சார் தூக்கிட்டுப் போறான்?”

முஸபஹ் கார் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினோரு வருடமாக அந்த இடத்திலேயேதான் நின்றுகொண்டிருக்கிறார்.

இப்போது முப்பத்திரண்டாவது ஆள். அவர் மறுபடி முதல் வண்டியிலிருந்து தொடங்கினார். ஆறாவது வண்டி அஜ்மானில் பல் மருத்துவம் பார்க்கும் சிரியாக்காரர் நிஸாருடையது. அவர், மனைவி லமா, கைக்குழந்தை என்று தாளில் மூன்று பேர். பின் கதவைத் திறந்தார். ஐஸ் பெட்டிக்கும் மடித்து வைத்த கூடாரத்துக்கும் நடுவில், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு எத்தியோப்பியப் பெண் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுதான் இருக்கும்.

முஸபஹுக்கு மூச்சு வந்தது. பயம் போய், அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

பெயர் என்ன என்று கேட்டார். அவள் லமாவைப் பார்த்தாள். நிஸார் டயரை விட்டு எழுந்து வந்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெண்தான், படிவத்தில் குடும்பத்தார் என்று மட்டும் இருந்ததால் எழுதவில்லை என்றார். கெட்டவர் இல்லை. கேட்டவுடன் முகம் சிவந்தது. கெட்டவர்கள் தேவையே இல்லை இதற்கு. ஒரு படிவம் போதும்.

“உன் பேரை நீயே சொல்லும்மா” என்றார் முஸபஹ்.

“மெஸெரெத்.”

அவர் தாளை வண்டியின் முகப்பில் வைத்து எழுதத் தொடங்கியபோது கல்ஃபான் வந்தார். கல்ஃபான் முஸபஹின் மனைவிக்கு அண்ணன், முஸபஹ் கூப்பிடுவது பூ ஸாலிம் என்று. அன்றும் முன்வண்டி அவருடையது, இன்றும் அவருடையது. கையில் கரக் தேநீர்க் குவளையோடு, எல்லோருக்கும் கேட்கும்படி பேசும் பழக்கம்.

“என்ன பூ மத்தர், ஆட்டுக்குட்டி ஒண்ணு கூடிருச்சா? குறைஞ்சா தேடலாம், கூடினா எதுக்குய்யா தேடுறே?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். கல்ஃபான் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். புதியவர்கள் மிரள்கிறார்கள், போன வாரம் இரண்டு பேர் பாதியில் திரும்பிவிட்டார்கள், இந்தத் தலை எண்ணுவதை இன்றோடு விட வேண்டும், முடியாவிட்டால் கடைசி வண்டிக்கு வேறு ஆளைப் போடுகிறேன் என்றார். வீட்டில் சாப்பாடு பரிமாறும்போது பேசுவதுபோல அன்பாகவே சொன்னார்.

முஸபஹ் எழுதி முடித்தார். பேனாவை மூடினார். பிறகு தன் வண்டிக்குப் போய், பின்னால் கம்பளிக்கு அடியிலிருந்து ஏழாம் எண் மண்வெட்டியை எடுத்துவந்தார். மஞ்சள் வண்ணம் உதிரவில்லை. மொதாலிப் செத்த பிறகு அவர் அதைக் கொண்டு ஒரு பிடி மண்கூட அள்ளியதில்லை.

கல்ஃபானின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

“இத இன்னுமா வச்சிருக்கே?”

“அந்தப் பையன் ஏன் இதத் தூக்கிட்டு நடந்தான்னு அவங்க அண்ணன் கேட்டான். ஞாபகம் இருக்கா?”

“எல்லாரும் பாக்குறாங்க. அப்புறம் பேசலாம்.”

“நான்தான் எடுக்க அனுப்பினேன், பூ ஸாலிம். தொலைஞ்சா உன்கிட்டதான் கேப்பேன்னு காலையில சொன்னேன். அதுக்காகத் திரும்பிப் போயிருக்கான். நாம வண்டிய எண்ணினோம், அவனை எண்ணல. அப்புறம் ஓடிட்டான்னு எழுதிக் கொடுத்தோம்.”

டயர்களின் புஸ்ஸென்ற சத்தம் அடங்கியிருந்தது. பதினோரு வண்டிக்காரர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். தன் குரல் இவ்வளவு தொலைவு போகும் என்று முஸபஹ் எதிர்பார்க்கவில்லை.

“அதுல என் கையெழுத்தும் இருக்கு” என்றார் கல்ஃபான், கிட்டத்தட்ட கெஞ்சி. “என் தங்கச்சி முகத்தையாவது நினைச்சுப் பாரு.”

“நினைச்சுதான் பதினோரு வருஷம் ஓடிப்போச்சு. இன்னிக்கு ஓட்டம் முடிஞ்சதும் நிலையத்துக்குப் போறேன். நீயும் வந்தா நல்லது. வரலன்னாலும் உன் பேரைச் சொல்லுவேன்.”

கல்ஃபான் தேநீரை மணலில் கொட்டிவிட்டு முன்வண்டிக்கு நடந்தார். ஓட்டத்தை ரத்து செய்வார் என்று முஸபஹ் எதிர்பார்த்தார். செய்யவில்லை. மனிதர் முன்னால் ஏறி உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை போலும்.

அன்றைய ஓட்டத்தில் யாரும் வயர்லெஸ்ஸில் கிண்டல் பேசவில்லை. புதியவர்கள் குன்றின் உச்சியில் தயங்கினார்கள், பாதி ஏறிப் பின்னுக்கு வழுக்கினார்கள், மூன்று வண்டிகள் சிக்கின. மூன்றாவது, நிஸாரின் வண்டி. நிஸாரும் இன்னொருவரும் இறங்கித் தோண்டினார்கள். வண்டியை லமா ஓட்டினாள். சக்கரம் பிடித்ததும் அவள் நிறுத்தாமல் ஏறிக் குன்றுக்கு அந்தப் பக்கம் மறைந்தாள். மணல் உறுமியது. முஸபஹ் பின்வாங்கி வேகம் எடுக்கவில்லை. இறங்கி நடந்து குழிக்குப் போய், தோண்டிய இருவரையும் தோளில் தொட்டு அழைத்துவந்து தன் வண்டியில் ஏற்றினார். அதன் பிறகும் திரும்பிப் போய்க் குழிக்குள் பார்த்தார். காலடித் தடங்கள் மட்டும் இருந்தன. காற்று அவற்றின் ஓரத்தைத் தின்றுகொண்டிருந்தது.

இறுகிய தரையில் கல்ஃபானின் குரல் வயர்லெஸ்ஸில் வந்தது. வறண்டிருந்தது. “எண்ணிச் சொல்லுங்க. வண்டி வேணாம். ஆளு.”

ஒவ்வொரு வண்டியாகச் சொல்லிற்று. ஆறாம் வண்டியின் முறை வந்தபோது சற்று நேரம் வெறும் இரைச்சல். பிறகு பழக்கமில்லாத ஒரு பெண்குரல், மைக்கை வாய்க்கு மிக நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு:

“மேடம், பாப்பா, மெஸெரெத். சார் கடைசி வண்டியில.”

முப்பத்திரண்டு.

பிற்பகல் மூன்று மணிக்குத் தார்ச்சாலை ஓரத்தில் டயர்களுக்குக் காற்று ஏற்றிக்கொண்டு எல்லோரும் கலைந்தார்கள். கல்ஃபானின் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. சமிக்ஞை விளக்கு ஒருமுறை தைத் பக்கம் மின்னிற்று, அணைந்தது. பிறகு வண்டி துபாய் பக்கம் திரும்பிப் போனது.

முஸபஹ் தனியாகப் போனார். மண்வெட்டி பக்கத்து இருக்கையில் சாய்ந்திருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் சரிந்து விழப் பார்த்தது. ஒரு கட்டத்தில் அதற்கு இருக்கைப் பட்டியைப் போட்டுவிட்டார்.

நிலையத்தின் வாசலில் நின்ற இளம் காவலன் அவரைத் தடுத்தான்.

“அதோட உள்ள போகக்கூடாது, பெரியவரே. வண்டியில வச்சிட்டு வாங்க.”

“வைக்க முடியாது, தம்பி. சாட்சி இது.”

“எதுக்குச் சாட்சி?”

“ஒருத்தன் ஓடிப்போகலங்கறதுக்கு.”

காவலன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு கதவைத் திறந்துவிட்டு, உள்ளே எழுத்தரின் மேசையைக் காட்டினான். எழுத்தர் புதிய தாள் ஒன்றை இழுத்து வைத்து, உங்கள் பெயர் என்ன என்று கேட்டார்.

“என் பேர் கடைசியில வரட்டும்” என்றார் முஸபஹ். “முதல்ல மொதாலிப்னு எழுதுங்க.”