நல்ல தண்ணீரின் நிறம்

கோவையில் எங்கள் ஆய்வகத்துக்கு ஒருநாள் பெருந்துறைப் பக்கத்துச் சாயப்பட்டறை முதலாளி ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. வெளியில் எங்கும் தண்ணீர் குடிக்க மாட்டாராம். வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலை மடியிலேயே வைத்திருந்தார்.

நாங்கள் செய்த மெல்லிய தகட்டைக் காட்டினேன். அதற்குள் மயிரிழை போன்ற குழாய்கள் ஓடும். எந்த நிறத் திரவத்தைச் செலுத்தினாலும் தகடு முழுவதும் அந்த நிறமாகிவிடும். நிறம் மாறும் துணி, நிறம் மாறும் சுவர் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஏனுங்க, கழிவுத்தண்ணி போறதப் பாக்கறதுக்குக் கொழாயில கண்ணாடி வெச்சிருக்கறமுங்க. அதுல இத ஒட்டிப்போட்டா, ஆபீசருங்க வாரப்ப நல்ல தண்ணியாட்டம் தெரியுமுங்களா?"

"உள்ளே சாயம் அப்படியேதானே இருக்கும்?"

"அது பாட்டுக்கு ஆத்துக்குப் போயிருமுங்க."

தகட்டை எடுத்து உள்ளே வைத்தேன். கிளம்பச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கும்பிட்டார். வாசலில் நின்று, பாட்டிலில் மிச்சமிருந்ததைச் சிந்தாமல் பூந்தொட்டியில் ஊற்றினார்.

"தண்ணிய வீணாக்கப்படாதுங்க," என்றார்.

அதை அவர் மனதாரத்தான் சொன்னார். என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியாதது அதுதான்.