குதிகாலுக்கு ஓடிவரும் மிருகம்

மடிக்கணினியிலிருந்து குதிகால் தரையில் மோதும் சத்தம் கேட்டது. ராஜபாளையத்து வீட்டில், எங்கள் கம்பெனியின் புது வீடியோ கேமை அம்மாவுக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். அதில் வரும் வேற்றுக்கிரக மிருகத்தை உருவாக்கியவன் நான். வெள்ளை உடம்பு, காது கேட்காது, தரையின் அதிர்வு மட்டும் தெரியும். குதிகாலால் தரையைத் தட்டி அதை வரவழைத்துச் சுட வேண்டும்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இதே கூடத்தில்தான் வெள்ளையன் படுத்திருப்பான். எங்கள் நாய். பிறவிச் செவிடு, இந்த ஊர் நாய்களில் சில அப்படிப் பிறக்கும். தூக்கத்தில் தொட்டால் பதறிக் கடித்துவிடுவான் என்று, யாராக இருந்தாலும் குதிகாலால் தரையைத் தட்டிவிட்டுத்தான் கிட்டே போவோம். அம்மா சோற்றுத் தட்டோடு நின்று தட்டுவாள். போலீஸ்கார அப்பா பூட்ஸைக் கழற்றாமலே தட்டுவார். இளஞ்சிவப்பு மூக்கு நிமிரும். வால் கட்டில் காலில் படபடவென்று அடிக்கும். சிமென்ட் தரையில் நகம் வழுக்க ஓடிவந்து மேலே விழுவான்.

எல்லாக் கேமிலும் வருகிற, எச்சில் ஒழுகும் பல்வரிசை மிருகம் வேண்டாம், புதிதாகக் கொண்டுவா என்றார்கள் ஆபீஸில். நான் வெள்ளையனைக் கொடுத்தேன். பாராட்டும் வாங்கிக்கொண்டேன். கோரைப்பல் மட்டும்தான் என் கற்பனை.

விசையை அழுத்தி, திரையில் குதிகாலைத் தட்டினேன். ஓடிவந்தது. சுட்டேன்.

அம்மா பயப்படவே இல்லை. "ஏலே, இது நம்ம வெள்ளையன்லா?" என்றாள். மறுபடி தட்டப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கூப்பிட்டன்னுதானலே ஓடியாருது. அதைப் போயி சுடுதியே."