வீட்டுக்குப் பின்னால் நின்ற இன்ஜின்

தொப்பூர் ஏற்றத்தில் வண்டிப் புகையைச் சோதிக்கிறவர்கள் என் லாரியை ஓரங்கட்டச் சொன்னார்கள். முழு லோடோடு ஏறி வந்த வண்டி, கொஞ்சம் கறுப்பாகத்தான் புகை விட்டது. அதை நான் மறுக்கவில்லை. புகைக்குழாயில் ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு அபராதம் எழுதினார்கள். ஊருக்கே விஷம் வைக்கிறாயே, உனக்கெல்லாம் குடும்பம் இல்லையா என்று அவர்களில் ஒருவர் கேட்டார். நேராக மெக்கானிக்கிடம் போய் டீசல் தெளிக்கிற நாசில் மாற்றி, ஏர் ஃபில்டர் மாற்றி, மறுபடியும் சோதனைக்குக் காட்டிச் சான்று வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குத் திரும்பினேன். அபராதம் போட்டது நியாயம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது என் மனைவி கட்டிலில் சுவரோடு சாய்ந்து, இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. என்ன ஆச்சு என்று கேட்டதற்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. பின்பக்கம் கையை நீட்டிக் காட்டினாள். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் டீசல் ரயில் இன்ஜின் ஒன்று நின்று உறுமிக்கொண்டிருந்தது. காலையில் வந்ததாம். என் லாரியைப் போலப் பல வண்டிகளை விழுங்கக்கூடிய இன்ஜின். அதன் தலையிலிருந்து எழுந்த புகை எங்கள் ஓட்டின் மேல் படிந்து, சந்து வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அதை ஓரங்கட்டச் சொல்ல ஒருவரும் இல்லை. அதன் குழாயில் கருவியைச் செருக ஒருவரும் இல்லை. அன்றைக்கு எனக்குப் பிடித்த கோபம் இன்னும் விடவில்லை.

எங்கள் தெரு ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிறது. கொல்லைச் சுவரை ஒட்டி ஒரு புங்க மரம், அதைத் தாண்டினால் கூட்ஸ் லைன். உர மூட்டை, சிமெண்ட், ரேஷன் அரிசி எல்லாம் அங்கேதான் வேகனில் வந்து இறங்கும். இறங்கியதை லாரிக்காரர்கள் நாங்கள் ஏற்றிக்கொண்டு காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம் என்று நாலா பக்கமும் போவோம். அந்த லைனால் பிழைத்தவன்தான் நானும். ரயில் வரக் கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சரக்கு இறக்குகிற நேரம் முழுக்க, இழுக்க ஒன்றும் இல்லாமல், இன்ஜின் சும்மா நின்று எரிய வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

மெயின் லைனில் மின்கம்பி இழுத்தபோது தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். இனிமேல் கரண்ட் இன்ஜின், புகை கிடையாது என்று பேசிக்கொண்டோம். எக்ஸ்பிரஸ் வண்டிகள் எல்லாம் கரண்டுக்கு மாறின. கூட்ஸ் லைனுக்கு மட்டும் கம்பி வரவில்லை. வேகன் மேல் ஏறி ஆட்கள் வேலை செய்கிற இடம், மேலே கரண்ட் கம்பி போட முடியாது என்றார்கள். அதுவும் சரிதான். ஆகவே சரக்கு வேகன்களை உள்ளே தள்ளி வைக்க ஒரு டீசல் இன்ஜின் தொடர்ந்து வந்தது. மற்ற இடங்களில் வேலை முடிந்த பழைய இன்ஜின்கள்தான் இப்போது எங்கள் பங்குக்கு வந்தன. முன்பு வந்ததைவிடக் கரியாகப் புகைத்தன.

என் மனைவி முன்பு மாம்பழக் கூழ் கம்பெனிக்கு சீசன் வேலைக்குப் போவாள். கூடை தூக்குவாள். தெருமுனையிலிருந்து அவள் கூப்பிட்டால் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். அவளுக்கு முதலில் இருமல் வந்தது, பிறகு இரைப்பு வந்தது, கடைசியில் கம்பெனிக்குப் போவது நின்றது. தருமபுரியில் டாக்டரிடம் காட்டினோம். விறகடுப்பா என்று கேட்டார். கேஸ் என்றோம். வீட்டில் யாராவது பீடி சிகரெட் பிடிப்பார்களா என்று கேட்டு என்னைப் பார்த்தார். நான் தொட்டதில்லை என்று சொன்னதை அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. வீட்டுக்குப் பின்னால் ரயில் இன்ஜின் நாள் முழுக்கப் புகைக்கிறது என்று சொன்னேன். ம் என்று கேட்டுக்கொண்டு மருந்து எழுதினார்.

அவளுடைய அண்ணன் வீடு ஏரியூரில் இருக்கிறது. கொஞ்ச நாள் அங்கே இருந்துவிட்டு வரட்டும் என்று கொண்டுபோய் விட்டேன். அங்கே போனதும் இரைப்பு அடங்கிவிட்டது. படுத்துத் தூங்குகிறாள், காட்டுக்கு நடந்து போய் வருகிறாள் என்று மச்சான் போனில் சொன்னார். திரும்பக் கூட்டிவந்தேன். அடுத்த சரக்கு ரயில் வந்த அன்றே பழையபடி கட்டிலில் சுவரோடு சாய்ந்தாள். அதற்கு மேல் எனக்கு எந்த டாக்டரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஸ்டேஷனில் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் உட்காரச் சொல்லி, பொறுமையாகக் கேட்டு, அது தன் கையில் இல்லை என்றார். யார் கையில் இருக்கிறது என்று கேட்டதற்கு மேலே என்றார். மேலே எழுதிப் போட்டோம். தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். வெகுநாள் கழித்து ஒரு ஜீப்பில் காற்றை அளக்கிறவர்கள் வந்தார்கள். எங்கள் சுவருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை வைத்து ஓடவிட்டு, நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு லைனில் இன்ஜின் இல்லை. வேகனும் இல்லை. இரண்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. இன்ஜின் வருகிற நாளில் வாங்க என்று நான் அவர்கள் பின்னாலேயே ஜீப் வரை போய்ச் சொன்னேன். தங்களுக்குக் கொடுத்த தேதி இதுதான் என்றார்கள். காற்று நன்றாக இருப்பதாகப் பிறகு பதில் வந்தது. என் மனைவி அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அதன் பிறகு ஒருநாள் பொறுக்க முடியாமல் சுவரைத் தாண்டிக் குதித்து இன்ஜினுக்குக் கீழே போய் நின்றேன். அடிக்க வேண்டும் என்றுதான் போனேன். டிரைவர் வயதில் சின்னவர், சேலத்துப் பக்கத்துப் பேச்சு. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படியில் இறங்கி வந்தார்.

"இன்ஜின அமத்துங்க. வூட்ல என் சம்சாரம் மூச்சு வுட முடியாம கெடக்கறா" என்றேன்.

"அமத்தலாங்ணா. மறுக்கா எடுக்குமான்னு யாரு சொல்றது? பேட்டரி செத்துக் கெடக்குது. எடுக்கலைன்னா வண்டி நின்னு போயிடும், என்னையத்தான் நிக்க வச்சுக் கேப்பாங்க."

பேட்டரி விஷயத்தை எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். தானும் எழுதியதாகவும், தனக்கு முன்னால் ஓட்டியவரும் எழுதியதாகவும் சொன்னார். எனக்கு அடிக்கக் கை வரவில்லை. பேட்டரி வீக்கான லாரியை, உருட்டி ஸ்டார்ட் பண்ண வசதியாகச் சரிவான இடம் பார்த்து நிறுத்திவிட்டுத்தான் நானும் டீ குடிக்கப் போவேன். அணைத்த வண்டி எடுக்காமல் போனால் என்ன பாடு என்று தெரியும். ஒரு பேட்டரியை மாற்றிக் கொடுக்காததால் இந்த ராட்சச இன்ஜின் நாள் முழுக்க டீசலைக் குடித்து என் வீட்டுக்குள் கக்குகிறது. யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றதில் கோபம் இன்னும் ஏறியது.

சரி, நிற்பதுதான் நிற்கிறது, ஏன் என் வீட்டுக்குப் பின்னாலேயே நிற்க வேண்டும் என்று கேட்டேன். அவர் புங்க மரத்தைக் காட்டினார். பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குழாயைக் காட்டினார். நிழலும் தண்ணீரும் இருப்பதால் வழக்கமாக இங்கேதான் நிறுத்துவார்களாம். வேகன்களைத்தான் கழற்றிவிட்டாயிற்றே, லைனின் மறுகோடியில் ஏரிப்பக்கம் வீடே கிடையாதே, அங்கே கொண்டுபோய் நிறுத்தக் கூடாதா என்றேன். நிறுத்தலாம், ஆனால் அதற்குத் தடம் மாற்றிக் கொடுக்க வேண்டும், அப்படி ஒரு உத்தரவு கிடையாது, தானாக நகர்த்தினால் குற்றம் என்றார். ஒரு மர நிழல். அதற்காகத்தான் இத்தனையும். அன்றைக்கு அந்த மரத்தை வெட்ட அரிவாளோடு கிளம்பியவனை என் மனைவிதான் தடுத்தாள். மரம் போனால் கொஞ்சம் நஞ்சம் தடுக்கிற இலையும் போய்விடும் என்றாள்.

ஸ்டேஷனைப் பார்வையிட ஒரு பெரிய அதிகாரி வருகிறார் என்று தெரிந்தது. அதற்கு முன்னால் வந்த சரக்கு ரயிலன்று, நான் கல்யாணங்களுக்குக் கட்டுகிற வெள்ளை வேட்டியை என் மனைவி எடுத்துத் துவைத்துக் கொல்லைக் கொடியில் விரித்துப் போட்டாள். எதற்கு என்று கேட்டேன். பேசாமல் இருங்க என்றாள். சாயங்காலம் எடுத்தபோது இன்ஜின் பக்கம் பார்த்திருந்த பாதி சாம்பல் நிறத்தில் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு கரிப் பொட்டுகள். அந்தப் பக்கம் உள்ளே வரும்படி மடித்து வைத்துக்கொண்டாள்.

அதிகாரி வந்த அன்று ஸ்டேஷன் முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, நடைமேடை ஓரமாக பிளீச்சிங் பவுடர் கோடு போட்டிருந்தார்கள். கூட்ஸ் லைன் காலியாக இருந்தது. தெருப் பெண்கள் சிலரும் நாங்களும் போனோம். காவலுக்கு நின்றவர்கள் மறித்தார்கள். கூச்சல் கேட்டு அதிகாரியே நின்றார். என் மனைவி முன்னால் போனாள். அவளுக்குப் பழைய குரல் இல்லை. இரண்டு வார்த்தை பேசி, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இரண்டு வார்த்தை. அவள் சொல்வது கேட்க வேண்டும் என்றால் மற்ற எல்லோரும் வாயை மூட வேண்டியிருந்தது. மூடினார்கள்.

"சார், இது எங்க வூட்டுக்காரரு வேட்டி" என்று விரித்துக் காட்டினாள். "ஒரே நாளு காயப் போட்டதுங்க. இதத்தான் நான் உள்ள இழுக்கறனுங்க."

துணியெல்லாம் ஆதாரம் ஆகாது, முறைப்படி அளந்து பார்த்தாகிவிட்டது என்று கூட வந்தவர் ஒருவர் சொன்னார். எனக்குக் கண் மண் தெரியவில்லை. அன்றைக்கு இன்ஜினே இல்லை, மாடுதான் நின்றது, மாட்டு மூச்சைத்தான் அளந்துகொண்டு போனீர்கள் என்று கத்தினேன். அதற்குமேல் கத்தியதை எழுத முடியாது. என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். அத்துமீறி நுழைந்ததாக வழக்குப் போடுவோம் என்று மிரட்டினார்கள். அவள் அந்த அறை வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் விட்டார்கள்.

நான் உள்ளே இருந்தபோது நடந்ததைப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அதிகாரி அந்த வேட்டியில் விரலைத் தேய்த்துப் பார்த்தாராம். இன்ஜினை ஏன் அணைப்பதில்லை என்று கேட்டாராம். பேட்டரி என்று யாரோ மெதுவாகச் சொல்ல, கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டாராம். ஒருவருக்கும் தெரியவில்லையாம்.

அடுத்த சரக்கு ரயில் வந்தது. வேகன்களைக் கழற்றியதும் தடம் மாற்றினார்கள். இன்ஜின் மெதுவாக நகர்ந்து ஏரிப்பக்கம் போய் நின்றது. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. இவ்வளவுதான் வேலை. கொல்லையில் நின்று அதைப் பார்த்தேன். இதைச் செய்ய இத்தனை வருஷமா ஆயிற்று என்று அங்கேயே நின்று கத்தினேன். கேட்க யாரும் இல்லை.

சில மாதங்களில் பேட்டரி மாற்றினார்கள். நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தால் இன்ஜினை அணைக்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது. அதற்கும் பிறகு வந்த ஒரு இன்ஜினில், பெரிய இன்ஜின் சும்மா நிற்கும்போது தானாக அணைந்துவிடும். உள்ளே இருக்கிற குட்டி இன்ஜின் ஒன்று பேட்டரிக்கு சார்ஜும் பிரேக்குக்குக் காற்றும் கொடுத்துக்கொண்டிருக்கும். இப்படி ஒரு ஏற்பாடு வெகுநாளாகவே இருக்கிறதாம். அந்த சேலத்துப் பையன் சுவர் வரைக்கும் நடந்து வந்து இதைச் சொல்லி, அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

அக்கா இருக்கிறாள். இரைப்பு முன்போல் இல்லை. ஆனால் கெட்டுப்போன நுரையீரல் முழுசாகத் திரும்பாது, மருந்தை உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி வேலைக்குப் போகக் கூடாது. கூடை தூக்கக் கூடாது.

இதற்கு நடுவில் தெருமுனையில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் முளைத்தது. அதிகாரிக்கும், எங்கள் பகுதிப் பிரமுகர்களுக்கும் தெரு மக்களின் நன்றி என்று கொட்டை எழுத்தில் போட்டு, கும்பிட்டபடி வரிசையாகப் படங்கள். அந்தப் பிரமுகர்களில் ஒருவரும் எங்கள் கொல்லைக்கு வந்து ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தவர் இல்லை. நான் பட்டப்பகலில் ஏறி, கயிற்றை அறுத்து, பேனரைக் கீழே தள்ளினேன். கூட்டம் கூடிவிட்டது. நல்லது செய்தவர்களுக்கு நன்றிகூடச் சொல்லத் தெரியாதவன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். எதற்கு நன்றி என்று கேட்டேன். மிதித்த காலை எடுத்ததற்கா என்று கேட்டேன். தெருவில் பாதிப் பேர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

என் மனைவியும் திட்டப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துவந்தேன். அவள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். வாங்கி விரித்து, அகல நீளம் பார்த்தாள்.

"கெட்டித் துணிதாங்க" என்றாள். கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "கோழிக் கூண்டு மேல கட்டுங்க. மழ வருது."

கட்டினேன். படங்கள் உள்பக்கம் வருகிற மாதிரிக் கட்டினேன்.