சர்க்கரை வேண்டாத கரப்பான்கள்

லிங்கராஜபுரத்தில் மதலைமுத்து நுழையாத சமையலறை குறைவு. பொம்மசந்திராவில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர், தின்னர் நெடி மூச்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் பூச்சிமருந்துத் தொழிலுக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. ஒரு ஸ்கூட்டர், ஒரு பை, பைக்குள் இனிப்பில் விஷம் கலந்த ஜெல் ட்யூப். அலமாரிச் சந்துகளில் பொட்டுப் பொட்டாக வைத்துவிட்டு வருவார். இனிப்புக்கு ஆசைப்பட்டு வரும் கரப்பான் தின்றுவிட்டுப் போய்ச் சேரும்.

"எல்லாம் என் கைராசி" என்பார்.

"கைராசின்றது டாக்டருக்குச் சொல்றது. நீங்க கொல்றவரு" என்பாள் மனைவி பியாட்ரிஸ்.

போன டிசம்பரில் அந்தக் கைராசிக்குச் சோதனை வந்தது. எட்டு வருஷமாக மாதம் தவறாமல் அவர் மருந்து வைக்கிற ஐரினின் பேக்கரியில், மூன்றடுக்குக் கல்யாண கேக்கைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்து நின்றார்கள். உச்சியில் மாப்பிள்ளை பொம்மை, பெண் பொம்மை. நடுவில் கல்யாணப் பூசை வைக்க வந்த சாமியார் மாதிரி ஒரு கரப்பான், மீசையை ஆட்டிக்கொண்டு.

ஐரின் போனில் கத்தினாள். "இன்னா மதலை, மருந்து வெச்சியா, விருந்து வெச்சியா?"

அன்றைக்கே ஓடிப்போய் இரண்டு பங்கு வைத்தார். மறுநாள் பார்த்தால் வைத்த பொட்டு வைத்தபடி இருந்தது. போலி மருந்தென்று கடைக்காரரோடு சண்டை போட்டு வேறு ட்யூப் வாங்கினார். அதுவும் அப்படியே. மானம் போகிற கோபத்தில், மத்தியானம் பேக்கரித் தரையில் டார்ச்சோடு குப்புறப் படுத்துவிட்டார்.

ஒரு கரப்பான் வந்தது. ஜெல்லில் வாய் வைத்தது. சூடு பட்டாற்போலப் பின்னால் குதித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் சிந்தியிருந்த வெண்ணெயைத் தின்னப் போனது. அடுத்ததும் அப்படியே. ஐந்தாவதைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"ஐரின், உன் கரப்பானுக்கெல்லாம் சுகர் வந்திருக்கு!"

"எனக்கே சுகர். நானே கேக்கு திங்கறேன். அதுங்களுக்கு இன்னா பத்தியம்?"

ரொட்டி வாங்க வந்திருந்த வீணா இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. காலேஜில் விலங்கியல் எடுக்கிற கன்னடக்காரி. கண்ணை விரித்துக்கொண்டு, "ஒன்னு நிமிஷம் சார், அதுல நாப்பது உயிரோட பிடிச்சுக் கொடுக்க முடியுமா?" என்றாள். வாழ்நாளில் யாரும் அவரிடம் உயிரோடு கேட்டதில்லை.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் இன்னொன்றும் கேட்டாள். "இதே ஜாதிதான், ஆனா மருந்தே வைக்காத இடத்து ஜிரலே... கரப்பான் வேணும். ஒப்பிட்டுப் பார்க்க."

மதலைமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க வீட்டுல இருக்கு, மேடம்."

காலேஜ் ஆய்வகத்தில், ஜெல்லில் சேர்க்கிற அதே குளுக்கோஸில் ஒரு சொட்டு வைத்ததும் வீட்டுக் கரப்பான்கள் மொய்த்துத் தின்றன. பேக்கரிக் கரப்பான்கள் தொட்டுவிட்டுத் துள்ளி ஓடின.

"எட்டு வருஷத்துல கத்துக்கிச்சுங்களா?" என்று கேட்டார்.

"ஒன்னுகூட கத்துக்கல. ஆரம்பத்துலேயே ஆயிரத்துல ஒன்னு ரெண்டுக்கு நாக்கு மாறிப் பிறந்திருக்கும். இனிப்பு அதுக்குக் கசக்கும். சும்மா இருந்தா அது குறைதான், பாதி தீனி போச்சு. ஆனா நீங்க மாசாமாசம் இனிப்பு பிடிச்சதையெல்லாம் கொன்னுட்டீங்க. கசந்தது பிழைச்சு முட்டை போட்டுச்சு. குஞ்சுக்கும் அதே நாக்கு. நீங்க தெரியாமலே பொறுக்கி எடுத்து வளர்த்திருக்கீங்க."

மதலைமுத்து பேக்கரிக் கரப்பான்களைக் குனிந்து பார்த்தார். ஒழிக்கப் போனவர் வளர்த்திருக்கிறார்.

"அப்ப இது புது இனமா, மேடம்?"

"இன்னும் இல்ல. ஆனா இதைப் பாருங்க." வீட்டு ஆண் ஒன்றைப் பேக்கரிப் பெண்ணோடு விட்டாள். ஆண் இறக்கையைத் தூக்கி முதுகைக் காட்டியது. முதுகில் ஊறும் இனிப்பை நக்கித்தான் பெண் சம்மதம் சொல்லுமாம். இந்தப் பெண் ஒரு வாய் வைத்தது; முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

"அய்யோ பாவம்" என்றார், தன் வீட்டுப் பையனுக்காக.

"ரெண்டு கூட்டமும் இப்படியே கலக்காம ரொம்ப ரொம்ப காலம் தனித்தனியா போனா, ஒருநாள் சேர்த்து வெச்சாலும் குஞ்சு பொரிக்காது. அப்பதான் வேற இனம். அதுக்கு நம்ம ஆயுசு போதாது."

மறுவாரம் குளுக்கோஸ் சேராத ஜெல் தேடிப்பிடித்து வைத்தார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பேக்கரி சுத்தம். ஒரே மருந்தையே வைத்தால் அதற்கும் ஒரு கூட்டம் தப்பித்து வரும் என்று புரிந்ததால், இப்போதெல்லாம் சில மாதத்துக்கொரு தடவை மாற்றி மாற்றி வைக்கிறார். கைராசி என்ற பேச்சையே விட்டுவிட்டார்.

ஆனால் பெருமை அடங்கவில்லை. வீணாவின் ஆய்வகத்தில் எடுத்த போட்டோவை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டார். இரண்டு கண்ணாடித் தொட்டிகள், இரண்டு சீட்டுகள். முதல் போன் ஐரினிடமிருந்து. சீட்டில் இருந்த தன் பேக்கரிப் பெயரை அந்த நிமிஷமே கிழிக்கச் சொன்னாள். இரண்டாவதாக, போனெல்லாம் இல்லாமல் பியாட்ரிஸ் நேரிலேயே வந்து நின்றாள். மற்ற தொட்டியின் சீட்டில், 'மதலைமுத்து வீடு, சமையலறை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"ஊர் முழுக்கப் பாத்துடுச்சு. எங்க அண்ணி போன் பண்ணிச் சிரிக்கறா" என்றாள். ட்யூப் பையை அவர் கையில் திணித்து, கேஸ் அடுப்பை நகர்த்தினாள்.

மதலைமுத்து முட்டி போட்டுச் சந்துக்குள் எட்டிப் பார்த்தார். "எந்த ஜெல்லு வைக்கட்டும்?"

"ரெண்டையும் வைங்க!"