கஞ்சி வராத துட்டி வீடு

எங்கள் தெருவில் துட்டி விழுந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது. சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் தெருவார்தான் கஞ்சியும் பயறும் கொண்டுபோய் இறக்க வேண்டும். பகை வீடானாலும் அப்படித்தான். ‘நல்லதுக்கு அழைச்சா போ, கெட்டதுக்குக் கேட்டாலே போ’ என்று வாய் வலிக்கப் பேசுகிற தெரு. எதிர்வீட்டுக்காரியின் அம்மா இறந்த அன்றைக்கு அந்த வாய்கள் எங்கே போயினவோ.

அவள் செய்த குற்றம், போனில் ஆண்களை ஏசுவது. ஏச்சு வாங்குவதில் சிலருக்கு ஒரு கிறக்கம்; காசு கொடுத்துக் கேட்கிறார்கள்.

“அம்மைக்கு மருந்து வாங்கத்தானே?” என்று ஒருநாள் துணி காயப்போடும்போது கேட்டேன்.

“அதுக்குந்தான். ஆனா எனக்கு இது நல்லா வரும்க்கா, அதுக்காகவுமாக்கும். எடுத்த எடுப்புல ஏசிர முடியாது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லப்படாதுன்னு முதல்லயே கேட்டுக்கிடுவேன். நிறுத்தச் சொல்லதுக்கு ஒரு வார்த்தை உண்டு. ஒருத்தரு ‘அவியல்’னு வச்சிருக்காரு. அதைக் கேட்டா என் வாய் பூட்டிரும். பொறவு, தண்ணி குடிச்சாச்சான்னு கேட்டுட்டுத்தான் போனை வைப்பேன்.”

“அவியல்ல முருங்கைக்காய் உண்டுமாட்டி?” என்றேன். சிரித்து, பிழிந்த சேலையைக் கீழே போட்டுவிட்டாள்.

கேட்காமலே ஏசுகிற ஆண்கள் எங்கள் தெருவில் எத்தனையோ பேர். அந்த வீட்டுப் பெண்கள் எந்த வார்த்தையைச் சொன்னாலும் ஏச்சு நிற்காது. அதற்காக யாரும் கூட்டம் போட்டதில்லை. இவள் பேசியது சுவர் வழியாகக் கேட்டுவிட்டதாம், உடனே கூடினார்கள். அவள் வீட்டோடு இனி நல்லது கெட்டது எதுவும் கிடையாது என்றார்கள்.

துட்டி அன்றைக்கு, மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பி, அவள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஞ்சி வராவிட்டால் தெரு அவளைத் தள்ளிவிட்டது என்று அர்த்தம். பிறகு அவர்களும் தள்ளிவிடுவார்கள்.

தெருத் தலைவர் வீட்டுக்குப் போனேன்.

“அண்ணாச்சி, செத்தது அவளா, அவ அம்மையா?”

“அந்த வேலைய விட்டுட்டேன்னு அவ ஒரு வார்த்தை சொல்லட்டும். கஞ்சி தன்னால வரும்.”

“பெத்தவ சாம்பல் இன்னும் ஆறல. அதுக்குள்ள பேரமா?”

வீட்டுக்கு வந்து நானே கஞ்சி வைத்து, பயறும் அவித்தேன். பானையும் பயறுமாக இறங்கும்போது தலைவரின் மனைவி என் கொல்லைப்பக்கம் மூடிய தூக்குவாளியுடன் நின்றாள்.

“எங்க வீட்டு அவியளுக்குத் தெரியாண்டாம். நீயே கொண்டு போயிரு மக்கா.”

“உன் கையால முன்வாசல் வழியா கொண்டுவா. இல்லேன்னா திருப்பிக் கொண்டு போ.”

வாளியைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எதிர்வீட்டில் பானையை இறக்கியதும் அவளுடைய தாய்மாமன் கேட்டார்: “இது தெருக் கஞ்சியா, ஒரு வீட்டுக் கஞ்சியா?”

தெருக் கஞ்சி என்று பொய் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். “ஒரு வீட்டுக் கஞ்சி மாமா. குடிக்கிறவிய இருந்து குடிங்க.”

இரண்டு பேர் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். மாமன் அவர்கள் போவதைப் பார்த்தார். பிறகு சம்மணம் போட்டு, தட்டை இழுத்து, பயறை ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

“உப்பு இல்லையே” என்றார்.

இல்லைதான். இருந்த ஆத்திரத்தில் போட மறந்திருந்தேன்.