ஆன்மேரி மூடிய பிழை

ஆன்மேரிக்குத் தப்புக் கண்டுபிடிப்பதுதான் வேலை. மதுரை புறவழிச்சாலையில் இருந்த அவள் கம்பெனி கம்பைலர் செய்தது. மனுஷன் எழுதுகிற புரோகிராமைக் கணினிக்குப் புரிகிற கட்டளையாக மாற்றுவது கம்பைலர். இது கொஞ்சம் விசேஷமானது. ஒரு கணக்குக்கு மேலே, இதைப் பங்கு போட்டுச் செய் என்று ஒற்றை வரி எழுதினால் போதும். கணக்கை வேகமாகப் போடுகிற ஆக்சிலரேட்டர் கார்டில் கோர் என்கிற குட்டி மூளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு; அத்தனைக்கும் அதுவே வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடும். ஒழுங்காகப் பிரிக்கிறதா என்று பார்க்க ஆன்மேரி சின்னச் சின்ன புரோகிராம்கள் எழுதுவாள். சாதாரணக் கணினியிலும் கார்டிலும் ஓட்டி, விடை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள்.

பிரித்துக் கொடுக்கிற பகுதியை எழுதியவன் ஜினோ, அவள் புருஷன்.

தப்பு கூட்டலில் இருந்தது. நீளமான எண் வரிசையைக் கூட்டச் சொன்னால் பெரும்பாலும் சரியாக வரும், எப்போதாவது குறையும். ஒரு கோர் எழுதிய மொத்தத்தின் மேலேயே இன்னொன்று எழுதி அழிக்கிறது என்று அவளுக்குப் பட்டது. ஆபீசில் எல்லாரும் பார்க்கிற பிழைப் பட்டியலில் அதைப் பதிவு செய்தாள்.

அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. ஜினோவின் அம்மா மரியம்மாள் ரிட்டயர்டு டீச்சர். கட்டினவனை ஊர் முன்னால் குற்றம் சொல்லத் தெரிந்தவளுக்குப் போட்டுச் சாப்பிடவும் தெரியும் என்று சொல்லி, மகனுக்கு மட்டும் தட்டு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவளை விட்டுவிட்டுத் தாயும் மகனும் கிளம்பிப் போனார்கள்.

ஜினோ டீம் லீட் ஆகவேண்டிய வருஷம் அது. ஒருநாள் காலையில் அவனே காபி போட்டுக் கொண்டுவந்தான்.

"உன் டெஸ்ட்லதான் தப்புன்னு எழுதி மூடிரு, மேரி. நான் அப்புறமா சரி பண்ணிர்றேன்."

அந்தக் காபிக்காகவே மூடினாள். அப்புறம் என்பது வரவே இல்லை.

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் மாதக்கணக்கில் ஓட்டிய கணக்கெல்லாம் பாழாய்ப் போனது. மேனேஜர் பாண்டிராஜ் எல்லாரையும் கூட்டிவைத்து, இதை மூடியது யார் என்று கேட்டார். ஜினோ திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"டெஸ்ட் தப்புன்னு டெஸ்டர்தான் எழுதியிருக்காங்க, சார்."

அந்த மரியாதைதான் அவளைச் சுட்டது. மிச்சத்தையும் சொல்வான் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாண்டிராஜ் அவள் பக்கம் திரும்பியபோது, ஆமாம், நான்தான் எழுதினேன் என்றாள். சாயந்திரத்துக்குள் அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஜினோ சிம்மக்கல்லில் வண்டியை நிறுத்தி, சாத்துக்குடிக்குப் பேரம் பேசி வாங்கிப் பையை அவள் கையில் கொடுத்தான். வழியெல்லாம் அவள் அழுதது அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அம்மாவிடம், அவளே வேலையை விட்டுவிட்டாள் என்றான்.

"நல்லதாப் போச்சு," என்றார் மரியம்மாள். "பாத்திரம் தேய்க்க வர்ற செல்லக்கிளிய நிறுத்திரலாம்."

பிழையைச் சரி பண்ணச் சொல்லி ஜினோவிடமே கொடுத்தார்கள். என்ன ஓட்டியும் அவனுக்கு விடை சரியாகவே வந்து தொலைத்தது. கடைசியில் அடுப்படிக்கு வந்து நின்றான்.

"அந்தத் தப்ப எப்படி வர வச்ச?"

அவன் அவளிடம் ஒன்று கேட்டு எம்புட்டோ நாளாகியிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். எண் வரிசை கோர்களுக்குச் சமமாகப் பிரியாமல் கொஞ்சம் மிச்சம் விழவேண்டும், அப்போதுதான் மோதும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தட்டச்சு செய்துகொண்டான். பிழை போனது. அந்த டெஸ்ட் அவன் பெயரில் ஏறியது. டீம் லீட் ஆனான்.

பிறகு அவள் இன்னொரு கம்பெனிக்கு நேர்காணல் போனாள். நன்றாகத்தான் செய்திருந்தாள். அவர்கள் பழைய ஆபீசில் விசாரிக்க, போன் ஜினோவுக்கு வந்தது. அவள் காது கேட்கவே ஹாலில் உட்கார்ந்து பேசினான்.

"கெட்டிக்காரிதான் சார். ஆனா தப்ப ஒத்துக்கிட்டு வெளிய வந்தவங்க."

இப்போது நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி லேபில் கணினிகளைத் திறந்து மூடுகிற வேலை. தினமும் ஜினோதான் கொண்டுபோய் விடுகிறான். வாசலில் இறக்கிவிட்டு, சாயந்திரம் வாரேன் என்பான். அவளும் தலையாட்டிவிட்டு உள்ளே போவாள்.