என் வாசலில் அண்ணன் பாடிக் காட்டிய பாட்டு

அண்ணன் நினைவு நாளுக்கு அவரைப் பற்றி என்னை எழுதச் சொன்னார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். யாரையாவது விட்டுவிடுவேனோ, யார் மனமாவது புண்படுமோ என்று அடித்து அடித்துத்தான் எழுதியிருக்கிறேன்.

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் சின்ன வயதிலேயே வாழைத்தார் சுமந்தார், கமிஷன் கடையில் பூ மூட்டை தூக்கினார். பாட்டுக் கட்டத் தொடங்கியதும் அங்கேதான். பூப்பறிக்கப் போகிறவர்கள், தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறவர்கள், வெளிநாடு போய்ப் பேச்சுமூச்சில்லாமல் போன பிள்ளைகளைப் பெற்றவர்கள், இவர்கள் பாடுதான் அவர் பாட்டு. திருவிழாவோ கூட்டமோ, கூப்பிட்ட இடத்துக்குத் தவில்காரரை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒரு வழக்கம் வைத்திருந்தார். யாருடைய கஷ்டத்தைப் பாட்டாகக் கட்டினாரோ, அவர்களிடமே முதலில் போய்ப் பாடிக் காட்டுவார். அவர்கள் சரி என்றால்தான் மேடை. பூப்பறிக்கிற அக்கா ஒருவர், "எம் மாமியாளப் பத்தி நல்லாத்தான் கட்டியிருக்க தம்பி. பாடிட்டு நீ வண்டியேறிப் போயிருவ. அப்புறம் சோத்துக்கு நான் ஒன் வீட்டுக்கா வர்றது?" என்றார். அண்ணனும் சேர்ந்து சிரித்துவிட்டு, அந்தப் பாட்டை அதோடு விட்டார். "கேக்காமப் பாடுறது அவுக அடுப்படிக்குள்ள செருப்போட போற மாதிரி, பாப்பா" என்பார் என்னிடம்.

புயலில் எங்கள் தென்னந்தோப்பு சாய்ந்த வருஷம், வேலை தேடிப் போகிறேன் என்று போன என் வீட்டுக்காரர் திரும்பவே இல்லை. அதையும் அண்ணன் பாட்டாகக் கட்டி, தவில்காரரோடு வந்து என் வாசலில் உட்கார்ந்து பாடினார்.

"சாஞ்ச தென்னைய எண்ணுனாக,
சாஞ்ச பொம்பளைய யாரு எண்ணுனாக?"

நிவாரணத்துக்கு மரம் எண்ண வந்தவர்களைப் பற்றிய வரி அது. நான் அழுதுகொண்டே, "வேணாம்ணே. பொம்பளப் புள்ளய வச்சிருக்கேன். நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவுக என்ன பேசுவாக?" என்றேன். "சரி பாப்பா" என்றார். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

கடைசியில் தொண்டையில் நோய் வந்து அண்ணன் குரல் போனது. ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே படுத்திருப்பார். என் பாட்டின் தாளம் எனக்குத் தெரியாதா? சம்மதம் என்று சொல்ல வாய் வரை வந்தது. மகளுக்கு அப்போதுதான் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். பயம். அண்ணன் போய்விட்டார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் அண்ணன் மகன் சீர்த்தட்டோடு நின்றான். மறுவீட்டுக்கு வந்த மகள், "மாமா பாட்ட இனியாச்சும் பாடச் சொல்லும்மா. அப்பா விட்டுட்டுப் போனத எங்க வீட்டுல அவுககிட்ட நானே சொல்லிட்டேன். இதுல நமக்கென்ன கேவலம்னு கேக்குறாக" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூடவே அலைந்த தவில்காரருக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், அண்ணியைத் தனியே விடாத அக்கம்பக்கத்தாருக்கும், கோட்டைப்பட்டினத்திலிருந்து மீன் லோடை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்த பாய்க்கும் எங்கள் குடும்பம் கையெடுத்துக் கும்பிடுகிறது.

போன வாரம் தவில்காரர் என் வாசலில் வந்து உட்கார்ந்து, அண்ணன் மாதிரியே முதலில் எனக்குப் பாடிக் காட்டினார். "பாடட்டுமா தங்கச்சி?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

இன்று படையல் முடிந்ததும் அதைப் பாடுவார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. எல்லோரும் இருந்து கேட்டுவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
தங்கை